திரும்பி வந்த லோடு

முதன்முதலில் அவர் என்னிடம் பேசியது ஒரு கல்லைப் பற்றித்தான்.

எண்பதுகளின் பிற்பாதி. மழை ஏமாற்றி ஏமாற்றி, எங்கள் புஞ்சையில் மல்லியும் இல்லை மிளகாயும் இல்லை என்று ஆனபிறகு நான் லாரி ஓட்டப் போயிருந்தேன். திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் இடையில், ஒரு கண்மாயை ஒட்டிய செம்மண் மேட்டில் கிராவல் வெட்டினார்கள். ரோட்டுக்கு அடியில் போடுகிற சரளை மண்ணைத்தான் கிராவல் என்போம். ஒருநாள் லோடோடு போகும்போது டயர் பஞ்சர். கைக்கு எட்டின இரண்டு கல்லைச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து ஸ்டெப்னி மாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன். கல் நடுரோட்டில் கிடந்தது. எந்த டிரைவர் முட்டுக்கல்லை எடுத்து ஓரம் போட்டிருக்கிறான்?

மறுநாள் காலையில் குவாரியில் அவர் என் கதவுப் பக்கம் வந்து நின்றார்.

"நேத்து வீலுக்கு முட்டுக் குடுத்தியே தம்பி, அந்தக் கல்லு ரெண்டையும் எங்கன எடுத்த?"

"ரோட்டோரத்துலதான். ஏன்?"

"நான் நடந்து வாரேன், ரெண்டும் நடுரோட்டுல கெடக்கு. எடுத்து ஓரமா வச்சேன். எந்த ஓரத்துல எடுத்தன்னு தெரியல. அதான் கேக்கேன்."

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கல்லுக்கெல்லாம் அட்ரஸ் உண்டா என்று எடக்காகக் கேட்டேன். இருக்கும் என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கிவிட்டார்.

அந்தக் குவாரியில் மண்ணை வெட்டி லாரியில் ஏற்றுகிற பெண்கள் ஒரு செட்டு, பன்னிரண்டு பேர். அவர்தான் செட்டுக்கு மூத்தவர். நாற்பதைத் தாண்டிய வயது. ஒல்லியான உடம்பு. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. முதல் கடப்பாரையைப் போடுமுன் நெற்றியிலும் நெஞ்சிலும் கை வைத்துச் சிலுவை போட்டுக்கொள்வார். பெயர் ஒன்று இருந்தது, யாரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் அக்கா.

எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பது. அவ்வளவுதான் அவர். இதை ஒரு நல்ல குணமென்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், பக்கத்தில் இருந்து பார்க்காதவர்கள். எங்களுக்குப் பல நாள் அது தலைவலி. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார ஒரு கல்லைப் புரட்டினால், சாப்பிட்டு எழுந்ததும் முன்பு கிடந்தபடியே திரும்பப் புரட்டி வைப்பார். ஒருதரம் அப்படிக் கல்லைப் புரட்டும்போது அடியில் ஒரு தேள் இருந்தது. செருப்பைக் கழற்றி அடி என்று எல்லோரும் சத்தம் போட்டோம். அவர் கல்லை மெதுவாக அதன்மேலேயே இறக்கி வைத்துவிட்டு வேறு கல்லைத் தேடிப் போனார். இரண்டு நாள் கழித்து செட்டில் ஒரு பெண்ணைத் தேள் கொட்டியது. அதே தேள்தானா என்று யாருக்குத் தெரியும், ஆனால் அந்தப் பெண் ஒரு மாதம் அக்காவோடு பேசவில்லை. அவர் வருத்தப்பட்டார். அவள் பங்கு மண்ணையும் சேர்த்துச் சுமந்தார். ஆனால் கல்லை வைத்தது தப்பு என்று மட்டும் சொல்லவே இல்லை.

அவருடைய வீட்டுக்காரர் விருதுநகரில் வேறொரு பெண்ணோடு குடித்தனம் நடத்துவதாகப் பேச்சு. போய்க் கூட்டிவந்து வீட்டில் வையுங்கள் அக்கா, நீங்கள்தான் எல்லாவற்றையும் எடுத்த இடத்தில் வைக்கிறவராச்சே என்று ஒருத்தி கிண்டலடித்தாள். "அவுகளா எந்திரிச்சுப் போனாக. நான் எடுத்திருந்தாத்தான வைக்கிறதுக்கு?" என்றார். அன்று பள்ளமே சிரித்தது. அவரும் சிரித்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் ஒரு அலுமினிய டம்ளர் வைத்திருந்தார். விளிம்பில் ஒரு நசுங்கல். குவாரிக்கு எதிரில் இருந்த டீக்கடையில் அவருடைய ஆட்களுக்கென்று தனியாக இரண்டு கிளாஸை ஓரத்தில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அதை அவர் தொட்டதில்லை. தன் டம்ளரை நீட்டுவார், டீ வாங்குவார், குடித்துவிட்டுக் கழுவி முந்தானையில் முடிந்துகொள்வார். சித்திரை வெயிலில் ஒருநாள் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தபோது, குடத்திலிருந்து அந்த டம்ளரில் தண்ணீர் மோந்து என்னிடம் நீட்டினார். தாகமில்லை என்று சொன்னேன். நான் புஞ்சை நிலமுள்ள வீட்டுப் பிள்ளை. நிலம் விளையாவிட்டாலும் அந்த வீம்பு மட்டும் நன்றாக விளைந்திருந்தது. அவர் அந்தத் தண்ணீரைக் குடத்திலேயே திரும்ப ஊற்றினார். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாங்கள் வெட்டிய மேட்டுக்கு அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் தாழிக்காடு என்று பேர் சொல்வார்கள். அந்தக் காலத்தில் செத்தவர்களைப் பெரிய மண் தாழிகளில் உட்காரவைத்து, சாப்பாட்டுக் கிண்ணங்களோடு புதைத்த இடம். எத்தனை ஆயிரம் வருஷத்துப் பழசு என்று யாருக்கும் தெரியாது. எங்களுக்கு அது கிராவல். கடப்பாரை போடும்போது டொப்பென்று ஒரு சத்தம் கேட்கும், தாழி உடைந்திருக்கும், தாழி ஓடுகளையும் எலும்பையும் மண்ணோடு அள்ளி ஏற்றிவிடுவோம். அக்காவின் செட்டு வருவதற்கு முன்னால் மேட்டின் கிழக்குப் பாதி அப்படியே போய்விட்டது. எத்தனை பேர் எந்த ரோட்டுக்கடியில் கிடக்கிறார்களோ. அந்த லோடுகளில் பாதியை ஓட்டியவன் நான்.

அவர் வந்தபிறகு கொஞ்சம் மாறியது. மண்ணில் தாழியின் வாய் வட்டமாகத் தெரிந்தால் அந்த இடத்தை விட்டுச் சுற்றி வெட்டச் சொல்வார். சூப்பர்வைசர் ஏனென்று கேட்டால், ஆள் இருக்கிற வீட்டை இடிக்கலாமா என்று கேட்பார். அருப்புக்கோட்டைக்காரரான காண்ட்ராக்டருக்கு லோடு குறையாதவரை எந்தப் பக்கம் வெட்டினாலும் சரிதான். அதனால் அது பெரிய சண்டையாகவில்லை.

பிறகு கல்லறைத் திருநாள் வந்தது. வேதக்காரர்கள் செத்தவர்களின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிற நாள். அக்கா தன் அம்மாவின் கல்லறைக்குப் போய்விட்டார். அன்றைக்கென்று நரிக்குடி ரோட்டு வேலைக்கு லோடு கேட்டு நெருக்கினார்கள். சூப்பர்வைசர் தானே நின்று வேலை வாங்கினார். சுற்றி வெட்ட நேரமில்லை என்று ஒரு தாழியின் மேலேயே கடப்பாரையைப் போடச் சொன்னார். மேல்பாதி நொறுங்கி விழுந்தது. தங்கம் இருக்கும் என்று யாரோ சொல்ல, மண்ணுக்குள் நின்ற கீழ்பாதிக்குள்ளும் கையைவிட்டுத் துழாவி, இருந்ததையெல்லாம் வெளியே வாரிப்போட்டார்கள். தங்கம் இல்லை. எலும்புகளும், உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான சின்னக் கிண்ணங்களும்தான் இருந்தன. எல்லாம் என் லாரியில் ஏறியது.

ஒன்றைத் தவிர. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கிண்ணம், கீறல்கூட இல்லாமல் என் காலடியில் உருண்டு வந்தது. நட்டு போல்ட் போட்டு வைக்கத் தோதாக இருக்கும் என்று டூல் பாக்ஸில் போட்டுக்கொண்டேன். அக்காவின் டம்ளரில் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்றவன், செத்தவருடைய சோற்றுக் கிண்ணத்தை எடுக்கக் கூசவில்லை.

மறுநாள் காலையில் அவர் பள்ளத்துக்குள் இறங்கியதும் அந்தப் பாதித் தாழியைப் பார்த்தார். யாரையும் திட்டவில்லை. அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

"மேல்பாதி எங்க தம்பி?"

நரிக்குடி ரோட்டில் நேற்றுச் சாயங்காலமே இறக்கிவிட்டோம் என்றேன்.

"பரப்பிட்டாகளா?"

இன்றைக்குத்தான் பரப்பி ரோடு ரோலர் ஏற்றுவார்கள் என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் உடனே நாலு பெண்களைக் கூப்பிட்டு, சல்லடையையும் கூடைகளையும் லாரியில் போடச் சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"வண்டிய எடு. போயி எடுத்துட்டு வந்துருவோம்."

முடியாது என்றுதான் சொன்னேன். காலி வண்டியை இப்படி ஓட்டினால் சூப்பர்வைசர் என்னை அன்றைக்கே அனுப்பிவிடுவார். வீட்டில் கைக்குழந்தை. அவர் தலையைத் திருப்பாமல் சொன்னார்: "நான் நேத்து எங்காத்தாளுக்குப் பூ வச்சுட்டு வாரேன் தம்பி. யாரோட ஆத்தாளையோ நீங்க ரோட்டுல கொட்டிருக்கீக. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க மண்ணு வெட்டுறது?"

டூல் பாக்ஸ் என் சீட்டுக்கு அடியில் இருந்தது. அதனால்தான் வண்டியை எடுத்தேன். வேறு நல்ல காரணம் ஒன்றும் எனக்கில்லை.

நாங்கள் போனபோது ரோலர் புகைவிட்டுக்கொண்டு தயாராக நின்றது. என் லோடு மூன்று குவியலாகக் கிடந்தது. ரோலர் டிரைவரிடம் அக்கா போய், ஒரு டீ குடிக்கிற நேரம் கொடுங்கள் அண்ணே என்று கேட்டார். அவர் எதற்கென்று கேட்டார். இதற்குள் ஒரு ஆள் இருக்கிறார் என்று அக்கா சொன்னார். அந்த மனுஷன் வெலவெலத்துப் போய் இன்ஜினை நிறுத்திவிட்டார். பிறகு விஷயம் தெரிந்து சிரித்தாலும், மறுபடி ஸ்டார்ட் செய்யவில்லை. பெண்கள் ஐந்து பேரும் கூடை கூடையாக அள்ளிச் சலித்தார்கள். ஓடும் எலும்பும் ஒரு சாக்கில், கிண்ணங்கள் தனியே முந்தானையில். ஒரு டீ நேரம் மூன்று டீ நேரமானது. கடைசியில் நானும் இறங்கிச் சலித்தேன். அதோடு நில்லாமல், சலித்த மண்ணையும் ஏற்றச் சொன்னார் அக்கா. எலும்பு பொடிப்பொடியாக அதிலேயும் இருக்குமாம்.

குவாரியிலிருந்து லோடு வெளியேதான் போகும். லோடோடு ஒரு லாரி குவாரிக்குள் வந்ததை அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள். சூப்பர்வைசர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். என்னைத் திட்டுவதற்கு அவருக்கு வார்த்தை வர வெகுநேரம் ஆனது. திட்டினாரே தவிர, லோடு நெருக்கடியில் வேலையைவிட்டு அனுப்பவில்லை.

அக்கா தாழியின் கீழ்பாதிக்குள் சாக்கை அவிழ்த்து ஒவ்வொன்றாக இறக்கினார். அடியில் படிந்திருந்த மெல்லிய வண்டலில் கிண்ணங்கள் இருந்த இடம் வட்டம் வட்டமாகப் பதிந்திருந்தது. நாலு தடம். மூன்று கிண்ணங்களை அதனதன் தடத்தில் பொருத்தி வைத்தார். நாலாவது காலியாக இருந்தது.

"நாலு தடம் இருக்கு. மூணுதான் வந்துருக்கு" என்றார்.

ரோட்டில் நொறுங்கியிருக்கும் அக்கா என்று நான்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். மற்றவர்களைப் பார்த்ததைவிட அதிகமாகப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. சரி என்றார். நான் லாரி கழுவும் சாக்கில் கண்மாய்ப் பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தாழி மூடி, மண் மேடாகி, மேலே ஒரு கொத்துத் தும்பைப்பூ இருந்தது. அதற்குப் பிறகு அவர் கொட்டாங்கச்சியில் டீ வாங்கிக் குடிப்பதைப் பார்த்தேன். டம்ளர் எங்கே என்று கேட்டதற்கு, ஒரு இடத்தில் வைத்திருக்கிறேன் என்றார். தொலைத்துவிட்டார், சொல்ல வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். எந்தப் பொருளையும் தொலைக்காத மனுஷியைப் பற்றி அப்படி நினைக்க எனக்கு எப்படித்தான் தோன்றியதோ.

இனி அந்த மேட்டில் மிச்சம் இருப்பதை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் அவருக்குக் கவலை. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி எங்கள் தொழிலுக்குள்ளேயே இருந்தது. மண் வெட்டுகிற பள்ளத்தில் அங்கங்கே ஒரு திட்டை வெட்டாமல் விட்டு வைப்போம். முன்னே தரை எவ்வளவு உயரத்தில் இருந்தது, எவ்வளவு ஆழம் வெட்டியிருக்கிறார்கள் என்று ஓவர்சியர் அதை வைத்துத்தான் அளப்பார். அளந்து முடிக்கும்வரை அளவுத் திட்டில் யாரும் மண்வெட்டி வைக்கக்கூடாது. அளந்தபிறகு அந்தத் திட்டு மண் வெட்டினவர்களுக்குச் சொந்தம். அதை வெட்டி விற்றுப் பண்டிகைக்குச் சேலை எடுத்துக்கொள்வது செட்டுகளின் வழக்கம். திட்டு எங்கே விடுவது என்பதை வெட்டுகிறவர்கள்தான் முடிவு செய்வார்கள். அக்கா ஒவ்வொரு தாழி வாயின் மேலும் ஒரு திட்டு விட்டார். எத்தனை திட்டுதான் விடுவாய் என்று சூப்பர்வைசர் கத்தினார். அளவு துல்லியமாக வரும் சார் என்றார் அக்கா.

ஓவர்சியர் வந்து அளந்துவிட்டுப் போனார். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது. இனி திட்டெல்லாம் செட்டுக்குச் சொந்தம். வெட்ட வேண்டாம் என்று அக்கா சொன்னபோது பெண்களுக்குக் கோபம் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? வருஷத்துக்கு ஒரு சேலை. தேள் கொட்டு வாங்கிய பெண்தான் முன்னால் வந்தாள். உங்களுக்குத் தேளும் வேண்டும், செத்தவரும் வேண்டும், கூட நிற்கிறவள் மட்டும் எப்படியும் போகலாமா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அக்காவின் முகம் வாடிவிட்டது.

"நீ சொல்றது சரிதான் தாயி. எம் பங்கு எனக்கு வேணாம். ஒங்க பங்க நான் தடுக்கல. எந்தத் திட்டு யாருக்குன்னு நீங்களே பிரிச்சுக்கங்க. அவுகவுக திட்ட அவுகவுகளே வெட்டுங்க."

பெண்கள் பள்ளத்துக்குள் இறங்கிப் போனார்கள். ஒவ்வொரு திட்டிலும் உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். இது என்னுடையது என்று எந்தத் திட்டைக் கைகாட்டுவது? ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். பொழுது சாய்கிறவரை நின்றார்கள். கடைசியில் அந்தத் தேள் கொட்டிய பெண் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறி வந்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றாள். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் பழைய சேலையோடுதான் கோயிலுக்குப் போனார்கள்.

குவாரி அடுத்த கோடையில் வேறு மேட்டுக்குப் போய்விட்டது. நானும் வேறு முதலாளியிடம் போனேன். அக்கா மகளோடு அருப்புக்கோட்டைக்குக் குடிபோனதாகக் கேள்விப்பட்டேன். மகள் தறிக்கொட்டகையில் வேலை பார்த்தாள். மழைக்காலத்தில் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், திட்டுகள் தீவுபோல நிற்கும், ஆடுகள் ஏறி மேயும். அந்த வழியாக லோடு கொண்டு போகும்போதெல்லாம் எண்ணிப் பார்ப்பேன். ஒன்றும் குறைந்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் பல்கலைக்கழகத்திலிருந்து சிலர் வந்து அங்கே கூடாரம் போட்டுக் கயிறு கட்டித் தோண்டினார்கள். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் போய் எட்டிப் பார்த்தேன். சுற்று வட்டாரத்தில் எல்லா மேடும் போய்விட்டது, இங்கே மட்டும் தாழிகள் எப்படி இத்தனை முழுசாக நிற்கின்றன என்று அவர்களுக்கு ஆச்சரியம். ஒரே ஒரு தாழியில்தான் குழப்பம். கண்ணாடி போட்ட ஒரு பெண் அதற்குள் கையைக் காட்டினாள். மூன்று கறுப்பு சிவப்புக் கிண்ணங்கள். நாலாவதாக, விளிம்பு நசுங்கிய ஒரு அலுமினிய டம்ளர். யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று அவள் அலுத்துக்கொண்டாள்.

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். லோடு வெளியே போனது, உள்ளே வந்தது, திட்டுகள், சேலை. பிறகு லாரிக்குப் போய் டூல் பாக்ஸிலிருந்த நட்டு போல்ட்டைத் தரையில் கொட்டிவிட்டு, கிண்ணத்தைத் துடைத்துக் கொண்டுவந்தேன். வண்டி மாறினாலும் டூல் பாக்ஸ் என்னுடையது; பத்து வருஷம் அது என் சீட்டுக்கு அடியிலேயே இருந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. டம்ளரை எடுத்துவிட்டு, தடத்தைக் காட்டி, நீங்களே வையுங்கள் என்றாள். வைத்தேன். சரியாகப் பொருந்தியது. அதைப் படம் எடுத்துக்கொண்டார்கள். டம்ளர் எங்களுக்கு வேண்டியதில்லை, கொண்டு போங்கள் என்றாள்.

அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் கேட்கிற தெருவாக விசாரித்து விசாரித்து அன்று சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டேன். அக்காவுக்குத் தலை நன்றாக நரைத்திருந்தது. கழுத்தில் அதே சிலுவை. டம்ளரை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், நசுங்கலைத் தடவினார்.

"அப்ப அது வந்துருச்சா?" என்று கேட்டார்.

வந்துவிட்டது என்றேன். தெரிந்திருந்தும் ஏன் அன்றைக்குக் கேட்கவில்லை என்று கேட்டேன்.

"எடுத்தவுகதான வைக்கணும். நான் புடுங்கி வச்சா அது எப்பிடி? அதுவரைக்கும் எடம் வெறுமனா இருக்கக் கூடாதுன்னுதான் இத வச்சேன்."

உள்ளே போய் டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினார். அதிலேயே டீ ஊற்றிக் கொண்டுவந்தார். என்னிடம் நீட்டும்போது ஒரு நொடி கை நின்றது. அன்று நான் மறுத்த தண்ணீர் அவருக்கும் ஞாபகம் இருந்திருக்க வேண்டும். நான் வாங்கிக் குடித்தேன். சூடு விரலைச் சுட்டது, அலுமினியம் அப்படித்தான். கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

குடித்துவிட்டுத் தெருக்குழாயில் டம்ளரைக் கழுவினேன். எங்கே வைப்பது என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். அவர் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போய் அவர் கையில் கொடுத்தேன். அங்கேயிருந்துதான் எடுத்தேன்.